நம்பிக்கையை கடைசி வரிசையில எழுதுங்க

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு தாள்தான். அறுபது, எழுபது தாண்டினவங்க ‘எதை நம்பி வாழ்ந்தேன், யாரோட வாழ்ந்தேன்’னு திரும்பிப் பார்க்கிறதுக்கான தாள்.

பெரியவங்க பழசையே பேசினா புத்தி தளருதுன்னு ஒரு காலத்துல டாக்டர்களே நினைச்சாங்க. 1963-ல ராபர்ட் பட்லர்ங்கிற அமெரிக்க மனநல மருத்துவர், அது வயசான காலத்துல மனசு இயல்பா செய்ற வேலைன்னு எழுதினார். அந்த வேலை நிம்மதியிலயும் முடியலாம், கசப்புலயும் முடியலாம்னும் அவரே சொன்னார். அதனால எப்படிச் செய்றோம்ங்கிறது முக்கியம்.

தாளைப் படுக்கவசமா வைங்க. பத்து வருஷத்துக்கு ஒரு கட்டம்; எழுபத்தஞ்சு வயசுன்னா எட்டு கட்டம். குறுக்க மூணு வரிசை. மேல ‘யாரோட’, நடுவுல ‘என்ன செஞ்சேன்’, கீழ ‘என்ன நம்பினேன்’. மேல இருந்துதான் கீழ வரணும். நிறைய பேர் நம்பிக்கையில ஆரம்பிச்சு அங்கயே கோட்டை விடுறாங்க. பழைய கருத்தைத் தேடும்போது, இன்னைக்கு இருக்கிற கருத்தை அதுமேல பூசிடுவோம். ‘நான் அப்பவே இப்படித்தான்’னு தோணும். யாரோட இருந்தோம்ங்கிறதுல அந்தப் பூச்சு அவ்வளவு லேசா ஒட்டாது. போட்டோ இருக்கும், கடிதம் இருக்கும், அந்த ஆளே இருக்கலாம்.

கேமராகிட்ட காட்டுறேன். இது மாதிரிக்குப் போட்டது. நாற்பதுகள் கட்டம், கீழ ‘சாமி நம்பிக்கை விட்டுப்போச்சு’. அதே கட்டத்துல மேல பாருங்க: வேலை மாத்தம், வேற ஊர், வாரா வாரம் கூடிப் பாடின குழு இல்லை. நடுவுல ‘பிரார்த்தனை’ன்னு எழுதி, கோடு போட்டு அடிச்சிருக்கு. இப்ப சொல்லுங்க, போனது நம்பிக்கையா, கூடப் பாடினவங்களா?

அதுக்காக எல்லாமே சகவாசம்தான்னு சொல்லல. மேல் வரிசை அப்படியே இருந்து கீழ் வரிசை மட்டும் மாறின கட்டமும் இருக்கும். அதுக்கு ஒரு வட்டம் போடுங்க. அது பெரும்பாலும் நீங்களா யோசிச்சு வந்த இடம். அதைப் பத்தித்தான் நிறைய எழுதணும்.

அடுத்து ஒரு சிக்கல் வரும். பத்துல இருந்து முப்பது வயசு வரைக்கும் கட்டம் நிரம்பி வழியும், ஐம்பதுகள் காலியா கிடக்கும். உடனே ‘அந்தப் பத்து வருஷம் வீணாப்போச்சு’ன்னு முடிவு கட்டிடாதீங்க. ஞாபகமே அப்படித்தான், இளவயசுல குவியும். முதல் வேலை, முதல் வீடுன்னு பல ‘முதல்’கள் அங்கதான் இருக்கு. காலிக் கட்டத்துக்கு ‘என்ன நம்பினேன்’னு கேட்டா பதில் வராது. எந்த வீட்ல இருந்தோம், யாரைப் பார்த்துக்கிட்டோம், மனசு சரியில்லைன்னா யாருக்கு போன் பண்ணினோம்னு கேளுங்க. பேர் ஒண்ணு வந்தா மத்தது பின்னாடியே வரும்.

ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷம் போதும். ராத்திரி வேண்டாம், ராத்திரியில வருத்தம் பெருசாத் தெரியும். ஒரே வருத்தம் மூணு நாள் அதே வார்த்தையில வந்தா நிறுத்துங்க. பால் வாங், லிசா வாட்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1991-ல நினைவுகூர்றதை ஆறு வகையாப் பிரிச்சாங்க. அதுல குற்ற உணர்ச்சியில சுத்திச் சுத்தி வர்றதும் ஒரு வகை, அது உதவாது. முன்ன சமாளிச்ச விதத்தை நினைச்சுப் பார்க்கிறதும், நடந்ததை ஏத்துக்கிட்டு வாழ்க்கையை ஒண்ணாக் கோத்துப் பார்க்கிறதும்தான் நல்ல முதுமையோட சேர்ந்து வந்துச்சு. அதனால அந்த வருத்தத்துக்குக் கீழ ரெண்டே வரி எழுதுங்க: அன்னைக்கு எனக்கு என்ன தெரிஞ்சிருந்தது, இன்னைக்கு செய்யக்கூடியது ஏதாவது மிச்சம் இருக்கா. தூக்கமும் பசியும் ரெண்டு வாரமாக் கெட்டிருந்தா தாளை மூடிட்டு டாக்டரைப் பாருங்க.

தனியா எழுதினது தனியாவே இருக்க வேண்டாம். ஜேம்ஸ் பிர்ரன்ங்கிற முதுமையியல் அறிஞர் ஒரு முறை வச்சிருந்தார்: ஒரு தலைப்புக்கு ரெண்டு பக்கம் எழுதி, சின்னக் குழுவுல சத்தமா வாசிக்கணும். அஞ்சாறு பேர் இருந்தா அழகா நடக்கும். பக்தரும் நாத்திகரும் பக்கத்துல பக்கத்துல உட்காரலாம், ஆனா வாசிச்சதுக்கு யாரும் புத்தி சொல்லக்கூடாது, தர்க்கம் பண்ணக்கூடாது. ‘அப்ப கூட யார் இருந்தா?’ங்கிற மாதிரி கேள்வி மட்டும்தான். ஒருத்தர் உபதேசம் ஆரம்பிச்சா, அடுத்த ஆள் நல்லபிள்ளையா எழுதிட்டு வருவார், உண்மையை வீட்லயே விட்டுட்டு.

பேனா வேண்டாம், பென்சில். மேல் வரிசையில இன்னும் இருக்கிறவங்க பேருக்குக் கீழ கோடு போட்டு, ஒருத்தரைக் கூப்பிட்டுப் பேசுங்க. பேசி முடிச்சதும் ரெண்டு கட்டமாவது அழிச்சு எழுத வேண்டியிருக்கும்.