தினம் ஐந்து நிமிஷம், கேள்வி கேட்காமல்

நேயர்களுக்கு வணக்கம். கடைத்தெருவில் கேட்டது கிடைக்கவில்லை என்று தரையில் விழுந்து புரளுகிற பிள்ளை, தங்கச்சியைக் கடிக்கிற பிள்ளை, "வா" என்றால் ஓடுகிற பிள்ளை. வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் தெருவே வந்து யோசனை சொல்லும். "ரெண்டு போடு, சரியாயிடும்" என்பார் ஒருவர். "செல்லை கையில குடு, அடங்கிடும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே அந்த நிமிஷத்துக்குப் பலிக்கும். அதனால்தான் விட முடிவதில்லை.

இப்படிப்பட்ட இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. பெற்றோர்-பிள்ளை உறவாடல் சிகிச்சை, ஆங்கிலத்தில் சுருக்கமாக பி.சி.ஐ.டி. என்று பேர். 1970-களில் அமெரிக்காவில் ஷீலா ஐபர்க் என்ற உளவியலாளர் உருவாக்கியது. பிள்ளையும் அம்மாவும் ஓர் அறையில் விளையாடுவார்கள். ஒருபக்கமிருந்து மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடிக்குப் பின்னால் பயிற்சியாளர் இருப்பார். அம்மாவின் காதில் ஒரு சின்னக் கருவி. "இப்போ பாராட்டுங்க", "அதைக் கண்டுக்காதீங்க" என்று அந்தந்த நொடியில் காதுக்குள் சொல்லிக்கொடுப்பார். நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கப்போவது வீட்டார்தானே, பயிற்சியும் அவர்களுக்குத்தான். நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டாரும் கூடத் தங்குவது வெகுகாலமாக உள்ள வழக்கம். அதனால் வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது வேலூருக்குப் புதுசில்லை.

இந்தச் சிகிச்சைக்கு இரண்டு பாதி. முதல் பாதியில் பிள்ளை சொல்வதுதான் சட்டம், பெரியவர் பின்னால் போக வேண்டும். இரண்டாவது பாதியில் பெரியவர் சொல்லைப் பிள்ளை கேட்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோருக்கும் இரண்டாவது பாதிதான் உடனே வேண்டும். முதலாவதைத் தாண்டி அங்கே போக முடியாது.

முதல் பாதி என்பது தினமும் ஐந்து நிமிஷ விளையாட்டு. பாய் விரித்து, கட்டைகள், கிரேயான், சொப்பு, மாடு குதிரை பொம்மைகள் என்று இரண்டு மூன்று சாமான் மட்டும் வையுங்கள். செல்போன், டிவி வேண்டாம். கேரம், பரமபதம் வேண்டாம், அதற்கெல்லாம் விதி உண்டு, விதி வந்தால் சண்டை வரும். பந்தும் வேண்டாம், எறியத் தோன்றும்.

இந்த ஐந்து நிமிஷத்தில் ஆணை, கேள்வி, குறை சொல்வது மூன்றும் கூடாது. குறை சொல்லாமல் எப்படியாவது இருந்துவிடுவார்கள். கேள்விதான் நிற்காது! நம் வீடுகளில் பிள்ளையோடு பேசுவதென்றாலே பரீட்சை வைப்பதுதான். "இது இன்னா கலரு? மாடு எப்படிக் கத்தும்? மாமாவுக்கு ஏ பி சி டி சொல்லிக் காட்டு." கேள்வி கேட்டதும் விளையாட்டு பிள்ளையின் கையைவிட்டு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. பதில் தெரியாத பிள்ளை கட்டையைத் தூக்கி எறியும். அப்புறம் "பாருங்க, இதான் இவன் புத்தி" என்போம்.

கேள்விக்குப் பதிலாகச் செய்வதைச் சொல்லுங்கள். பிள்ளை சிவப்புக் கட்டையை நீலத்தின் மேல் வைக்கிறது. "சிவப்புக் கட்டையை மேல வெக்கிற." அவ்வளவுதான். "மாடு தூங்குது" என்று பிள்ளை சொன்னால், "ஆமா, மாடு தூங்குது" என்று திருப்பிச் சொல்லுங்கள். அது கோபுரம் கட்டினால் நீங்களும் பக்கத்தில் ஒன்று கட்டுங்கள், அதைவிட உயரமாக வேண்டாம். பாராட்டும்போது வெறும் "சூப்பர்", "குட் பாய்" போதாது. எது நல்லது என்று பிள்ளைக்கு அதில் தெரியாது. "கட்டையை மெதுவா வெச்ச, ரொம்ப நல்லாருக்கு" என்று காரணத்தோடு சொல்ல வேண்டும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் காரணத்தோடு 10 பாராட்டு, 10 திருப்பிச் சொல்வது, 10 செய்வதைச் சொல்வது. கேள்வி, ஆணை, குறை மூன்றும் சேர்த்து மூன்றைத் தாண்டக் கூடாது. இதை எட்டினால்தான் இரண்டாவது பாதி. கேட்க லேசாகத் தெரியும். இன்று ராத்திரி செய்து பாருங்கள், முதல் நிமிஷத்திலேயே நாலு கேள்வி வந்து விழும்.

சிணுங்கல், முரண்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிறுத்தியதும் உடனே திரும்பிப் பாராட்டுங்கள். அடி, கடி என்றால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. கண்டுகொள்ளாமல் விட்டால் முதல் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். அங்கேதான் பலரும் பிஸ்கெட் கொடுத்துவிடுகிறார்கள். இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வேனுக்கு விடியலில் ஓடுகிற அம்மாக்களுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிஷம் போதும். ஆனால் பகல் முழுக்கப் பிள்ளை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், இருக்கும். அம்மா மறுத்ததை ஆயா கொடுத்தால் எல்லாம் வீண். பயிற்சிக்கு ஆயாவையும் கூட்டிப்போங்கள்.

நேரம் ஆகிறது என்று ரேடியோ ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். இரண்டாவது பாதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆணை ஒரு நேரத்தில் ஒன்று, நேராக: "கட்டையைப் பெட்டில போடு." "போடறியா கண்ணு?" என்றால் அது கேள்வி, "மாட்டேன்" என்று சொல்ல வழி கொடுத்துவிட்டீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். செய்தால் உடனே பாராட்டு. செய்யாவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை: "போடலைன்னா நாற்காலில உக்காரணும்." மறுபடி ஐந்து. அப்புறம் நாற்காலி, மூன்று நிமிஷம், கடைசி ஐந்து நொடி சத்தமில்லாமல். எழுந்ததும் அதே கட்டையைப் பெட்டியில் போட வேண்டும், அதை விட்டுவிடக் கூடாது. நாற்காலியைவிட்டு ஓடுகிற பிள்ளைக்கு என்ன செய்வது என்பதை நேரில் பயிற்சி எடுத்துத்தான் கற்க வேண்டும், ரேடியோவில் கேட்டுவிட்டு நாளைக்கே ஆரம்பித்துவிடாதீர்கள். இன்னொன்று, கூப்பிட்டால் திரும்பாத, பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். வணக்கம்.