கடல் தாண்டியவரின் ஓட்டு

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றிய ஆசிரியர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தரப்படும் காகிதக் கட்டில் ஒரு பட்டியல் இருக்கும். ஊரில் இல்லாதவர், குடிபெயர்ந்தவர், இறந்துபோனவர் என்று மூன்று வகையினரையும் ஒன்றாகச் சேர்த்த பட்டியல். கள்ள ஓட்டைத் தடுக்க அது தேவைதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நம் இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் அந்தத் தாளைப் புரட்டினால், இறந்துபோனவர் பெயருக்கு அடுத்த வரியில் ஷார்ஜாவில் கம்பி கட்டிக்கொண்டிருப்பவர் பெயர் இருக்கும். பெயரை வாசித்ததுமே கட்சி முகவர்கள் "வெளிநாடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

அவருக்கு ஓட்டுரிமையே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2010ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் திருத்தம் செய்து, அடுத்த ஆண்டே நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவர், பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் 'வெளிநாடுவாழ் வாக்காளர்' என்று பதிவு செய்துகொள்ளலாம். படிவம் 6ஏ என்று அதற்குப் பெயர். எல்லாம் சரி. ஆனால் தேர்தல் நாளன்று அசல் பாஸ்போர்ட்டோடு சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்து நிற்க வேண்டும். பந்தி போட்டுவிட்டுப் பந்தலுக்குள் நுழையக் கட்டணம் கேட்பது போன்ற ஏற்பாடு இது.

இதன் விளைவைக் கேளுங்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியக் குடிமக்கள் வெளிநாடுகளில் வாழ்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிவு செய்திருந்தவர்கள் 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர். அதிலும் 2,670 பேர் கேரளத்தில். மிச்சம் எவ்வளவு? 288. நம் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் மற்ற எல்லா மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் சேர்ந்து 288 ஓட்டு! ஒரு பெரிய தெருவில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

கேரளம் மட்டும் எப்படித் தனித்து நிற்கிறது? அங்கே தேர்தல் வந்தால் வளைகுடாவிலிருந்து வாக்காளர்களை அழைத்துவர அரசியல் சார்புள்ள அமைப்புகள் தனி விமானமே ஏற்பாடு செய்கின்றன. அந்த ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் எடுத்துத் தருகிறவர் யாருக்கு ஓட்டு விழ வேண்டும் என்று நினைப்பார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்தபடி ஓட்டுப் போட நம் நாட்டில் வழியே இல்லையா? இருக்கிறது. இந்திய அரசின் பணியில் வெளிநாட்டில் அமர்த்தப்பட்டவர்கள் சட்டப்படி 'பணி வாக்காளர்கள்', இராணுவத்தினரைப் போலவே. அவர்களுக்கு வாக்குச் சீட்டு மின்னணு முறையில் வந்து சேர்கிறது. இறக்கிக்கொண்டு, அச்சிட்டு, குறியிட்டு, உறுதிமொழிப் படிவத்தோடு உறையில் வைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். உறையில் க்யூஆர் குறியீடு. வாக்கு எண்ணும் நாள் காலை எட்டு மணிக்குள் வந்து சேர்ந்தால் அது செல்லும். 2019 தேர்தலில் சுமார் 18 லட்சம் பணி வாக்காளர்களுக்கு இந்த முறை விரிந்திருந்தது. ஆக, தூதரகக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு அஞ்சல் ஓட்டு உண்டு. அதே கவுண்டருக்கு வெளியே பாஸ்போர்ட் புதுப்பிக்க வரிசையில் நிற்கும் முதுகுளத்தூர்க்காரருக்குக் கிடையாது. இரண்டு பேரும் ஒரே நாட்டுக் குடிமக்கள், ஒரே கட்டடத்தில் நிற்கிறார்கள். இந்த வேறுபாட்டுக்கு நியாயம் கற்பிக்க எவ்வளவோ முயன்று பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை.

அரசு முயலவில்லை என்றும் சொல்ல மாட்டேன். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவரும் தொழிலதிபருமான ஷம்ஷீர் வயலில், வெளிநாட்டிலிருந்தே ஓட்டுப் போட வழி கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 2014இல் தேர்தல் ஆணையம் அமைத்த குழு, மின்னணு அஞ்சல் ஓட்டு, பதிலி ஓட்டு (தன் ஓட்டைத் தனக்குப் பதிலாக ஊரில் ஒருவரைப் போடச் சொல்வது) என்ற இரண்டு வழிகளையும் பரிந்துரைத்தது. அரசு பதிலி ஓட்டைக் கையில் எடுத்தது. 2018 ஆகஸ்டில் மக்களவையில் மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல், 2019இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது.

அந்த மசோதா போனதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வீர்கள். பதிலி என்றால் யார்? பஹ்ரைனில் செவிலியராக இருக்கும் பெண்ணின் ஓட்டை ஊரில் யார் போடுவார்? மாமனார் போடுவார், இல்லாவிட்டால் மாமனாரிடம் கேட்டு வார்டு உறுப்பினர் போடுவார். அவள் சொன்ன சின்னத்தில்தான் விழுந்தது என்பதற்கு என்ன சாட்சி? இராணுவத்தினருக்கு 2003 முதல் பதிலி ஓட்டு இருக்கிறதே என்பார்கள். எல்லைக் காவலில் நிற்பவருக்கு வேறு வழியில்லாத காலத்தில் செய்த ஏற்பாடு அது. இன்று வழி இருக்கிறது. 2020இல் தேர்தல் ஆணையமே மின்னணு அஞ்சல் ஓட்டை வெளிநாடுவாழ் வாக்காளர்களுக்கும் விரிக்கலாம் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதிவிட்டது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருப்பவர் வீட்டில் பிரிண்டர் இருக்கும். தொழிலாளர் முகாமில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுக்கும் கொத்தனாருக்கு அச்சிடவும் இடமில்லை, யாரும் பார்க்காமல் குறியிடவும் இடமில்லை. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தால் இரகசிய வாக்கு எங்கே? அதனால்தான் தூதரகத்திலும் துணைத் தூதரகத்திலும் மறைப்புத் தட்டி வைத்து, சீட்டை அங்கேயே அச்சிட்டுக் கொடுத்து, உறையை அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன். நம்மைப் போலவே மக்களை வேலைக்கு அனுப்பும் பிலிப்பைன்ஸ் 2003இல் சட்டம் இயற்றி, 2004 தேர்தலிலேயே வெளிநாட்டு வாக்குப்பதிவைத் தொடங்கிவிட்டது. அவர்களுக்கு ஒரு நாள் அல்ல, ஒரு மாத அவகாசம். நம் தேர்தலிலோ வேட்பாளர் பட்டியல் இறுதியாகி வாக்குப்பதிவு வரை ஏறக்குறைய இரண்டு வாரம்தான். இந்தக் கால அட்டவணையைத் தளர்த்தாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

"இருபது வருடம் வெளியே இருப்பவனுக்கு உள்ளூர் விவகாரம் என்ன தெரியும்?" என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பிரிட்டனிலும் இதே கேள்வி இருந்தது. பதினைந்து ஆண்டு வரம்பு வைத்திருந்தார்கள், 2024 ஜனவரியில் அதை நீக்கிவிட்டார்கள். நம் நிலைமையோ இன்னும் தெளிவானது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவருக்கு இங்கே ஓட்டில்லை. வளைகுடாவில் கட்டட வேலை செய்பவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கப்போவதும் இல்லை. வேலை முடிந்தால் திரும்பி வந்தே ஆக வேண்டும். அவர் பிள்ளை படிக்கும் பள்ளி, அவர் வீட்டுக்கு வரும் குடிநீர், அவர் ஓய்வு காணப்போகும் ஊர் எல்லாம் இங்கேதான். அவர் போன்றவர்கள் அனுப்பும் பணத்தால்தான், உலக வங்கிக் கணக்குப்படி, 2024இல் இந்தியாவுக்கு வந்த தொகை 12,000 கோடி டாலரைத் தாண்டியது.

அரசுத் தரப்பில் எப்போதும் வரும் பதில், பதிவு செய்தவர்களே இவ்வளவு குறைவாக இருக்கிறார்களே என்பது. அந்தப் பதிலை அவர்கள் கையிலிருந்து பிடுங்குவது நம் வேலை. இன்று இரவு மகனிடமோ மருமகளிடமோ பேசும்போது படிவம் 6ஏ பற்றிச் சொல்லுங்கள், இணையத்திலேயே நிரப்பலாம். சரிபார்க்க வாக்குச்சாவடி நிலை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வருவார், பாஸ்போர்ட் நகலை எடுத்து வைத்திருங்கள். பழைய வாக்காளர் அட்டையை ஒப்படைக்க வேண்டியிருக்கும். நிரந்தரமாக ஊர் திரும்பிய பிறகு படிவம் 6 கொடுத்து மறுபடி வாங்கிக்கொள்ளலாம். நிரப்புவதில் சந்தேகம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் வாருங்கள். மாதிரிப் படிவங்கள் கொண்டுவந்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.