டைட்டேனியம் ரெகுலேற்றர்: காசு எதற்குப் போகிறது?

வணக்கம் நேயர்களே. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை பாசிக்குடா, கல்குடாப் பக்கம் கடல் தெளிந்து கிடக்கும். சுழியோடுகிறவர்களுக்கு உழைப்பும் அந்த மாதங்களில்தான். அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருக்கும் அண்ணனோ மச்சானோ "ரெகுலேற்றர் வாங்கி அனுப்பட்டா, டைட்டேனியமே எடுக்கவா?" என்று கேட்பதுண்டு. சிலிண்டர்க் காற்றின் அழுத்தத்தை இறக்கிச் சுழியோடியின் வாய்க்குத் தரும் கருவிதான் ரெகுலேற்றர். டைட்டேனியத்தில் செய்தது பித்தளைச் சாமானின் விலையைப் போல் இரண்டு மடங்கு, சில மாதிரிகளில் அதற்கும் மேலே போகும். என் பதில், பெரும்பாலானோருக்கு வேண்டாம் என்பதுதான்.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். நிரப்பிய சிலிண்டரில் ஏறக்குறைய 200 பார், அதாவது வெளிக்காற்றைப் போல் இருநூறு மடங்கு அழுத்தத்தில் காற்று நிற்கிறது. சிலிண்டர் தலையில் பூட்டும் முதற் கட்டம் அதை, சுற்றியுள்ள நீரழுத்தத்துக்கு மேல் 9 அல்லது 10 பார் அளவுக்கு இறக்கும். வாயில் கடிக்கும் இரண்டாங் கட்டம் மிச்சத்தையும் இறக்கி, மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றை விடும். காற்று வரும் துளையை மூடித் திறப்பது ஒரு சின்ன வட்டு. அதைச் சீற் என்போம். அதோடு ஒரு ஸ்பிரிங், கசிவைத் தடுக்கும் சில இறப்பர் வளையங்கள் (ஓ-றிங்குகள்), டயபிரம் எனும் ஒரு மெல்லிய இறப்பர்ச் சவ்வு. விலை கூடினதிலும் சீற், ஓ-றிங், டயபிரம் எல்லாம் அதே இறப்பரும் அதே பிளாஸ்ரிக்கும்தான். முதலில் தேய்வதும் இவைதான்.

மூச்சு இலேசாக வருமா என்பதைத் தீர்மானிப்பது வடிவமைப்பு, உலோகமல்ல. ஐரோப்பாவின் ஈ.என். 250 தரச் சோதனை, 50 மீற்றர் ஆழத்து அழுத்தத்தில் நிமிடத்துக்கு 62.5 லீற்றர் மூச்சு வாங்க வைத்துப் பார்க்கிறது. நல்ல பித்தளை ரெகுலேற்றர் அதில் தாராளமாகத் தேறும்.

டைட்டேனியத்துக்கு உண்மையான நன்மை இரண்டு. பாரம் குறைவு: கன சென்ரிமீற்றருக்குப் பித்தளை சுமார் எட்டரைக் கிராம், டைட்டேனியம் நாலரை. விமானப் பெட்டியில் அது தெரியும். கடலில் இடுப்பில் ஈயம் கட்டி இறங்குகிறவருக்கு அந்தச் சில நூறு கிராம் ஒரு பொருட்டில்லை. மற்றது, உப்பு அதை அரிக்காது. பித்தளையில் குரோம் பூச்சு உரிந்த இடத்தில் பச்சை பிடிக்கும். நாளுக்கு மூன்று தரம், பருவம் முழுக்க இறங்கும் பயிற்றுநருக்கு இது கணக்கில் வரும். ஆனால் பச்சை பிடிக்கக் காரணம் பெரும்பாலும் நன்னீரில் கழுவாமல் போட்டதுதான்.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு குறை. டைட்டேனியம் ஒட்சிசன் கூடின வாயுவில் தீப்பிடிக்கக்கூடிய உலோகம். ஆகவே 40 சதவீதத்துக்கு மேற்பட்ட ஒட்சிசனுக்கு அதைப் பாவிக்கக் கூடாது. மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே போகிறவர் மேலே வரும் வழியில் நின்று நின்று, 50 சதவீதமோ சுத்தமானதோ ஒட்சிசன் எடுத்து வருவார். அந்தச் சிலிண்டருக்குப் பித்தளைதான் வேண்டும். விலை கூடின சாமானை வாங்கத் தூண்டுவது அந்தக் கப்பல். அதே கப்பலுக்கு இறங்கும்போது, அதைப் பூட்ட முடியாத ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றும் கூட வரும். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது. அங்கே சாதாரணக் காற்றோடு எந்த உலோகமும் சரி.

உலோகத்தைவிட நம் கரையில் முக்கியமானது மணல். கரையிலிருந்தே அலையை வெட்டி இறங்குகிறோம். முகத்துவாரம் வெட்டினால் வாவியின் கலங்கலும் கடலுக்கு வரும். பிஸ்டன் வகையில் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல்நீர் நேரே புகும், மணலும் கூடவே. மூடிய டயபிரம் வகையில் அது புகாது. காசு கூட்டுவதென்றால் இதற்குக் கூட்டுங்கள். வாங்க முன்னரே, அந்தக் கம்பனியின் சேர்விஸ் கிட் (தேய்ந்த சீற், ஓ-றிங்குகளுக்கு மாற்றுச் சாமான்) எங்கே கிடைக்கும், யார் பூட்டுவார் என்று கேளுங்கள். கிட் கிடைக்காத டைட்டேனியம், சீற் தேய்ந்த அன்றே பெட்டிக்குள் போகும்.

பழையதையோ புதியதையோ சோதிக்க, ஊதுசட்டைக்கு (நீரில் மிதப்பைச் சரிபண்ணக் காற்றூதும் சட்டை) போகும் குழாயில் ஒரு அழுத்தமானியைக் கொழுவிச் சிலிண்டர் வால்வைத் திறவுங்கள். முள் 9, 10 பாரில் அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் மெல்ல ஏறினால் முதற் கட்டத்துச் சீற் கசிகிறது. கொஞ்ச நேரத்தில் வாய்த்துண்டு தானாகவே ஊதத் தொடங்கும். பிறகு வால்வை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, மானியைக் கழற்றி, வால்வ் மூடியபடியே வாயால் இழுங்கள். காற்று வந்தால் டயபிரம் கிழிந்திருக்கும், அல்லது வெளியேற்று வால்வ் சரியாக மூடாது. தண்ணீருக்குள் அது உப்பு நீராகவே வாய்க்குள் வரும்.

கழுவும்போது முதற் கட்டத்தின் தூசிமூடியைத் துடைத்துக் காயவைத்து இறுக்குங்கள். அழுத்தமில்லாமல் ஊறும்போது இரண்டாங் கட்டத்தில் காற்றைத் திறந்துவிடும் பொத்தானை அமத்தினால் தண்ணீர் குழாய்க்குள் ஏறிவிடும். இறுகிய இடத்துக்குச் சைக்கிள் கிறீஸ் பூசுவது ஆபத்து. எண்ணெயும் உயர் அழுத்தக் காற்றும் சேரக்கூடாது.

கடைசியாக மாரி மாதங்கள். கடல் கொந்தளிக்கையில் ரெகுலேற்றர் ஐந்தாறு மாதம் சும்மா தொங்கும். அந்தக் காலம் முழுக்க ஸ்பிரிங் இரண்டாங் கட்டத்துச் சீற்றை அமத்தி அதில் வளையத் தழும்பு விழுத்தும். மூச்சைச் சரிபண்ணும் திருகு இருந்தால், ஐப்பசியில் அதை இடப்பக்கமாக முழுக்கத் தளர்த்தி வையுங்கள்.