முயல் முட்டை அவிச்ச மலை

வணக்கம் மக்களே! காத்து பலமா அடிக்குது, சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நான் நிக்கிறது டெக்சாஸ்ல, ஃபிரெடரிக்ஸ்பர்க் ஊருக்கு வடக்கே இருக்கிற கிராஸ் மவுண்டன் உச்சியில. மலைன்னு பேரு, ஆனா குன்றுதான். காலுக்கடியில பாருங்க, எல்லாம் சுண்ணாம்புக்கல். கீழே தெரியற ஊர்ல பழைய வீடுகளை இந்த மாதிரிக் கல்லை வெட்டித்தான் கட்டியிருக்காங்க.

இது ஜெர்மன்காரங்க 1846 மே மாசம் உருவாக்கின ஊர். கடல் தாண்டி வந்து இண்டியனோலா கரையில இறங்கினவங்களுக்கு உள்ளே வர வண்டி கிடைக்கல. அந்த வருஷம் மெக்சிகோ போர், இருந்த வண்டியெல்லாம் ராணுவத்துக்குப் போயிடுச்சு. கரையிலயே மழையில கிடந்து, காய்ச்சல்ல நூத்துக்கணக்கான பேர் செத்துப்போனாங்க. குழந்தையைக் கரையிலயே புதைச்சுட்டு இங்க வந்து சேர்ந்த குடும்பங்களும் இருக்கு. அதை நினைச்சுட்டு இந்த ஊரைப் பார்த்தா வேற மாதிரி தெரியுது.

வந்து சேர்ந்தா, சுத்தி இருக்கிறது கொமான்ச்சிங்கிற அமெரிக்கப் பூர்வகுடி மக்களோட வேட்டை நிலம். குடியேத்தக் கூட்டி வந்த சங்கத்தோட டெக்சாஸ் பொறுப்பாளர் மொய்ஸ்பாக், பிரபுப் பட்டத்தை விட்டுட்டு ஜான்னு பேரை மாத்திக்கிட்டவர். 1847 ஜனவரியில ஆளுங்களோட கிளம்பிப் போய், மார்ச் 1, 2 தேதிகள்ல சான் சபா ஆத்தங்கரையில கொமான்ச்சி தலைவர்களோட உக்காந்து பேசினார். அவரோட செந்தாடியைப் பார்த்து 'சிவப்புச் சூரியன்'னு அவங்க பேரு வெச்சாங்களாம். மே 9-ல சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாச்சு.

இப்பதான் கதை. பேச்சு நடக்கிற நாள்ல ராத்திரி இந்தக் குன்றுகள்ல எல்லாம் தீ எரிஞ்சுதாம், கொமான்ச்சிகளோட சைகைத் தீ. அப்பா வீட்ல இல்ல, குழந்தைங்க பயந்து அழுவுது. ஜெர்மன்காரங்க கதையில ஈஸ்டருக்கு வண்ண முட்டை கொண்டுவர்றது ஒரு முயல். அம்மா சொன்னாளாம்: "அது ஈஸ்டர் முயல்டா. அண்டாவுல முட்டை அவிச்சு, காட்டுப்பூவைப் போட்டுச் சாயம் ஏத்துது." அதுக்கப்புறம் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி குன்றுமேல தீ மூட்டறது ஊர் வழக்கமாவே ஆயிடுச்சு.

நான் தேதியைப் பார்த்தேன். 1847-ல ஈஸ்டர் ஏப்ரல் 4. சான் சபா பேச்சு முடிஞ்சு ஒரு மாசம் ஆயிருக்கு. அதோட, ஈஸ்டருக்குத் தீ மூட்டறது வட ஜெர்மனியில ரொம்பப் பழைய வழக்கம். என்னைக் கேட்டா, தீ ஜெர்மனியிலேர்ந்து கூடவே வந்தது, கதை இங்க பிறந்தது. அதனால கதைக்கு மதிப்பு குறையல. அந்தப் பயம் நிஜம். தெரியாத மண்ணுல, ராத்திரியில, புள்ளைங்களைத் தட்டித் தூங்க வெச்ச அம்மாக்களும் நிஜம்.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். இந்த ஒப்பந்தம் முறியவே இல்லன்னு ஊர்ல பெருமையா சொல்வாங்க. ஆனா நிலம் கொமான்ச்சி கையில தங்கல. 1875-க்குள்ள அவங்களோட கடைசிக் கூட்டங்களையும் ஓக்லஹோமா பக்கம் ஒதுக்கின நிலத்துக்கு அனுப்பிட்டாங்க. அந்தத் தீயை மூட்டினவங்க வீட்லயும் குழந்தைங்க இருந்திருக்கும். அவங்க அம்மா என்ன கதை சொன்னாளோ, அதை இந்த ஊர்க் கதை சொல்லல.

வெளிச்சம் இறங்குது. கேமராவைத் திருப்பறேன், எதிர்ப்பக்கக் குன்றுகளைக் கொஞ்ச நேரம் பேசாம பாருங்க.