பாட்டின் நீளம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பம்பை அடித்து வர்ணிப்புப் பாடுகிறவன். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், பாகூர்ப் பக்கம் ஒரு கிராமம். 16 வயதில் பெரியப்பா பின்னால் உடுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். இப்போது 67. "உங்கள் மாதம் எப்படிப் போகிறது, புதிதாகப் பாட்டுத் தொகுப்பு போட்டிருக்கிறீர்களே அது எப்படி வந்தது, இரண்டையும் பேசுங்கள்" என்று வானொலி நிலையத்தில் கேட்டிருந்தார்கள். மாதத்திலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. தேதி கிழிப்போமே, அதேதான். சம்பளக்காரர்களுக்கு ஒன்றாம் தேதி எப்படியோ, எனக்கு அமாவாசை அப்படி. அன்றைக்கு மேல்மலையனூரில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல். விழுப்புரம், செஞ்சி தாண்டிப் போக வேண்டும். நள்ளிரவு நெருங்கும்போது அம்மன் ஊஞ்சலில் வந்து அமர்வாள். போன உடம்பு மறுநாள் மத்தியானம்தான் வீடு திரும்பும். அதை வைத்துத்தான் எங்கள் பம்பை செட்டில் எல்லாரும் கணக்குப் போடுவோம். "அமாவாசைக்கு முந்தின வெள்ளி", "அமாவாசை கழித்து மூன்றாம் நாள்" என்றுதான் தேதி பேசுவோம்.

வருடத்தில் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்காது. மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள், அம்மன் சுடுகாட்டுக்குப் போகிற மயானக்கொள்ளை. அப்புறம் மாசி மகம், கடற்கரையில் தீர்த்தவாரி. வைத்திக்குப்பத்துக்கு மயிலத்திலிருந்து முருகன் வருவார், தீவனூரிலிருந்து பிள்ளையார் வருவார். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் உடம்பில் அலகு குத்திக்கொள்கிற செடல், தீமிதி. திரௌபதியம்மன் கோயில்களில் ஒரு பக்கம் கூத்து நடக்கும், ஒரு பக்கம் கரகம் ஜோடித்துக்கொண்டிருப்பார்கள். ஆடி பிறந்துவிட்டால் தூக்கம் கிடையாது. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற சாகை வார்த்தல் இல்லாத ஊர் எங்கள் பக்கத்தில் ஏது? வீராம்பட்டினத்தில் செங்கழுநீரம்மன் தேர், ஆடி ஐந்தாம் வெள்ளி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநர் வந்து வடம் பிடித்தது போலவே இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கடலூர்க்காரர்களுக்கு மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? அந்த இரண்டு மாதமும் பம்பை பரண் மேல் இருக்கும், நான் வயல் வேலைக்குப் போவேன்.

செட்டில் நாங்கள் ஐந்து பேர். இரண்டு பம்பை, ஒரு உடுக்கை, ஒரு கைச்சிலம்பு, பின்பாட்டுக்கு ஒருவர். முன்பணம் வெற்றிலை பாக்கோடு 101 ரூபாய். அதை வாங்கிவிட்டால் வேறு ஊரில் எவ்வளவு கொடுத்தாலும் போக மாட்டோம். வருகிற பணத்தை ஆறாகப் பிரிப்போம். ஆறாவது பங்கு வாத்தியங்களுக்கு. தோல் கிழிந்தால், வார் அறுந்தால் அதிலிருந்துதான் எடுப்போம். பெரியப்பா வைத்த ஏற்பாடு அது, இன்றுவரை நாங்கள் மாற்றவில்லை.

வாத்தியம் என்றதும் என் பம்பையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பார்த்திருப்பீர்கள், பம்பை என்பது ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு கொட்டு. ஒன்று உலோகம், வெங்கலப் பம்பை என்போம். அது கணீரென்று பேசும். மற்றது மரம், தாழ்ந்த குரலில் உறுமும். என்னுடைய மரம் பலா. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்ததே, அதில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். என் மைத்துனர் வீட்டுக் கொல்லையில் அவருடைய தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்தது. மரத்தைப் பார்த்து அவர் அழுதார். விறகுக்கு விலை பேச ஆள் வந்தபோது, அடிமரத்தில் ஒரு முழத்துண்டை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டு வருடம் நிழலில் காய வைத்தோம். அப்புறம்தான் கடைசல். தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலா போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பலாதான் எங்கள் பம்பையிலும் இருக்கிறது.

இப்போது நிறையப் பிள்ளைகள் ஃபைபர் போட்டு போல்ட்டு வைத்து முடுக்கிக்கொள்கிறார்கள். அதில் ஒரு சௌகரியம் உண்டு, நான் மறுக்கவில்லை. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரிக் கடலோரத்து ஊரில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஈரக்காற்று ஏறும்போது தோல் தொய்ந்துபோகும். நாங்கள் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டிக் காட்டி அடிப்போம். ஃபைபருக்கு அந்தப் பாடு இல்லை. ஆனால் மரப்பம்பைக்கு மட்டும் நான் தோல்தான் போடுகிறேன். சாமி ஆடுகிறவர் வாயைத் திறந்து வாக்குச் சொல்லும்போது, அந்தப் பேச்சுக்கு அடியில் சன்னமாக ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபைபர் சத்தமாகப் பேசும், அடங்கிப் பேசத் தெரியாது. தோலுக்கு அது தெரியும். விரல் பட்டாலே முனகும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். வர்ணிப்பு என்றால் என்ன? அம்மனைக் காலிலிருந்து தலைவரை, அவள் கட்டிய சேலை, போட்ட வளையல், ஏறிய தேர், கடந்து வந்த எல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வா வா என்று அழைப்பது. கேட்பதற்குப் பாட்டு மாதிரி இருக்கும். உண்மையில் அது அழைப்பு. அழைத்தவர் வந்துவிட்டால் அழைப்பு முடிந்தது. வரவில்லையென்றால் இன்னும் அழைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வந்ததும் உண்டு, விடியவிடிய வராமல் இருந்ததும் உண்டு. எங்கள் பாட்டின் நீளம் பாடுகிறவன் கையில் இல்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். பூவாடை என்று எங்கள் பக்கத்தில் ஒன்று உண்டு. உங்களில் பல பேர் வீட்டில் செய்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால், வீட்டில் இறந்துபோன பெண்ணை நீர்க்கரையிலிருந்து அழைத்து வந்து, புதுச்சேலை வைத்துப் படைத்து, உத்தரவு கேட்பது. சுமங்கலியாகப் போனவர்களுக்கு அதில் பெரிய மரியாதை.

பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே ஒரு கிராமம். மாப்பிள்ளைப் பையனுக்கு அம்மா இல்லை. அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார்கள். பூவாடைக்குப் போகும்போது நான் முதலில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வேன். பேர் என்ன, பிறந்த ஊர் எது, கூடப்பிறந்தவர்கள் யார், என்ன பிடிக்கும், எப்படிப் போனார்கள். அன்றைக்கும் அந்தப் பையனின் அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அதிகம் பேசாத மனிதர்.

ராத்திரி எட்டு மணிக்குக் குளக்கரையில் கலசம் வைத்துப் பூச்சுற்றி உட்கார்ந்தோம். அந்த அம்மா பேரைச் சொல்லி, பிறந்த ஊரைச் சொல்லி அழைக்கிறேன். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. ஒரு அசைவும் இல்லை. சாதாரணமாக அக்கா தங்கை, நாத்தனார் யாராவது ஒருவருக்கு உடம்பு சிலிர்க்கும். அன்றைக்கு ஒருவருக்கும் இல்லை. பதினொரு மணி வாக்கில் பெரியவர் ஒருவர், "நேரமாகுதுங்க, சூடத்தைக் காட்டி முடிச்சிக்கலாம்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பையன் கையைக் கட்டிக்கொண்டு கலசத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனைப் பார்த்துக்கொண்டு எப்படி முடிப்பது? பம்பையை அடக்கச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன்: "அந்த அம்மாவை வீட்டில் எல்லாரும் இந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவீர்களா?"

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்து வந்தார். அந்த அம்மாவுக்குப் பெரியம்மா முறை. என் காதருகே வந்து, "இது பள்ளிக்கூடத்துப் பேருப்பா, பொறந்த வீட்ல நாங்க கூப்பிடறது வேற" என்று சொல்லி அந்தப் பேரைச் சொன்னார். குழந்தைக்கு வைக்கிற செல்லப் பேர். அதை இங்கே சொல்ல மாட்டேன், அது அவர்கள் வீட்டுக்குச் சொந்தம்.

அந்தப் பேரைச் சொல்லி நாலு அடி பாடியிருப்பேன். மாப்பிள்ளையின் தங்கச்சி, கூட்டத்துக்கு வெளியே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண், விளக்கைக் கீழே வைத்தாள். அம்மா போகும்போது அவள் 40 நாள் குழந்தை. தாய் முகம் தெரியாதவள். ஆடவில்லை, கத்தவில்லை. நேராக அப்பாவிடம் நடந்து வந்து, "மாட்ட வித்துட்டியா?" என்று கேட்டாள்.

அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வித்துட்டேம்மா, ஒன் ஆஸ்பத்திரி செலவுக்குத்தான் வித்தேன், வேற வழியில்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். அத்தனை வருடமும் அதை யாரிடமும் அவர் சொன்னதில்லையாம். வந்தது யார் என்று உறுதிப்படுத்த ஒரு பூவை உள்ளங்கையில் மறைத்து என்ன பூ என்று கேட்பார்கள். அன்றைக்கு அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மரப்பம்பையில் நான் விரலால் மட்டும் சன்னமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அண்ணன் தலையில் கை வைத்து, "பண்ணிக்க" என்றாள். அவ்வளவுதான். மூன்று மணி நேரப் பாட்டு முடிந்தது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் அதற்கு வாதாட வரவில்லை. நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றி. அன்றைக்கு எட்டு மணியிலிருந்து பதினொரு மணிவரை நான் நன்றாகத்தான் பாடினேன். தாளம் பிசகவில்லை, குரல் உடையவில்லை. ஆனாலும் ஒரு பேர் குறைந்தது. அந்தப் பேர் கூட்டத்தில் இருந்துதான் வந்தது. கேட்கிறவர் கொடுக்க வேண்டிய ஒன்று பாட்டுக்குள் எப்போதும் இருக்கிறது. எதிரில் ஆள் இல்லாமல் வர்ணிப்பு இல்லை. பாட்டின் நீளம் பாடுகிறவன் கையில் இல்லை என்று அதனால்தான் சொன்னேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரத்தைக் காட்டுகிறார்கள். பாட்டுத் தொகுப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும் என்று எழுதி வந்திருந்தேன். கொரோனா வருடத்து ஆடியில், 2020இல், ஒரு கோயிலிலும் பம்பை சத்தம் கேட்கவில்லையே, அப்போதுதான் இதையெல்லாம் பதிந்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. கரகப் பாட்டு எப்படித் தேர்ந்தெடுத்தோம், எல்லைக் காவல் பாட்டில் எத்தனை ஊர்ப் பேர் வருகிறது, அதெல்லாம் பேச இப்போது நேரமில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

மொத்தம் ஏழு பாட்டு. புதுச்சேரியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் பஞ்சு, ஒரு ஈ பறந்தாலும் கேட்கிற அமைதி. காதில் ஹெட்போனை மாட்டி, "ஐயா, ஒரு பாட்டு ஆறு நிமிஷம் போதும்" என்றார் ஒலிப்பதிவு செய்த தம்பி. நல்ல பையன், வேலை தெரிந்தவர். ஆறு பாட்டை அவர் சொன்னபடி பாடிக் கொடுத்தேன், நன்றாகவே வந்திருக்கிறது. ஏழாவது பூவாடை வர்ணிப்பு. மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் நிறுத்திவிட்டேன். எதிரில் பஞ்சுச் சுவர். யாரை அழைப்பது? வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்து என் எதிரில் உட்காரச் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். அவளுடைய அம்மாவை, என் மாமியாரை, அவர்கள் வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லி அழைக்க ஆரம்பித்தேன். தம்பி கையைக் காட்டவில்லை, இயந்திரத்தை ஓட விட்டார். 22 நிமிடம் ஓடியிருக்கிறது. வெட்டாமல் அப்படியே சேர்க்கச் சொல்லிவிட்டேன். என் பேரன் யூடியூபில் ஏற்றியிருக்கிறான். கேட்கிறவர்கள் அதை மட்டும் நடுவில் நிறுத்தாமல் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடைசியில் ஒரு பெண் குரல் "போதும்" என்பது கேட்கும். அது என் வீட்டுக்காரம்மா. அவள் சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.

இங்கேயும் கை காட்டிவிட்டார்கள். வணக்கம்.