அந்தமான் தீவும் சென்னைக் கடற்கரையும்: ரெண்டு தோழிகளுக்கு ஒரு பதில்

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்லேர்ந்து அக்கா பேசறேன். வெளியில பாசார் மாலாம், அதான் ராத்திரிச் சந்தை, நடக்குது, சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்குங்க. இந்த வாரக் கேள்வி கூலிம்லேர்ந்து ஒரு தங்கச்சி அனுப்பினது. அப்படியே படிக்கிறேன்.

‘அக்கா, நானும் என் தோழியும் ஒரே தமிழ்ப்பள்ளியில படிச்சவங்க, இப்ப ஒரே ஃபேக்டரியில வேலை செய்றோம். பிப்ரவரியில ரெண்டு வாரம் லீவு. முதுகுப்பையைத் தூக்கிட்டு அந்தமானும் சென்னையும் போகலாம்னு இருக்கோம். அந்தமான்ல அஞ்சு தீவு எழுதி வச்சிருக்கோம். தீவு முதல்லயா, சென்னை முதல்லயா? அஞ்சும் பாக்க முடியுமா? அம்மா ரொம்ப பயப்படறாங்க.’

தங்கச்சி, தீவு முதல்ல, சென்னை கடைசியில. அஞ்சு தீவு வேணாம். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், இந்த மூணு போதும். ஏன்னு சொல்றேன்.

மாசத்தை நல்லாத் தேர்ந்தெடுத்திருக்கீங்க. அந்தமானுக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. மே மாசம் தென்மேற்கு ஆரம்பிச்சா, அது ஓயறதுக்குள்ள வடகிழக்கு வந்துடும். நம்ம பெர்ஹெந்தியான், ரெடாங் தீவெல்லாம் வருஷக் கடைசியில மூடிடறாங்கல்ல, அதே வடகிழக்குக் காத்துதான் அந்தப் பக்கம் சென்னையில அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழையைக் கொட்டும். ஜனவரி பொறந்தா ரெண்டு இடத்துலயும் வானம் தெளிஞ்சிடும். பிப்ரவரியில அந்தமான் கடல் அமைதியா இருக்கும், சென்னையில வெயில் இன்னும் ஏறியிருக்காது.

ஆனா அமைதியான மாசத்துலயும் கடல் ஒரு நாள் முரண்டு பிடிக்கும். தீவுக்குத் தீவு போறது கப்பல்லதான். காத்து வேகம் கூடினா துறைமுகத்துல கப்பலை நிறுத்திடுவாங்க, யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. நான் ஹேவ்லாக்ல தங்கியிருந்தப்ப பக்கத்து அறையில ஒரு கணவன் மனைவி. காலையில கப்பல், சாயங்காலம் போர்ட் பிளேர்லேர்ந்து விமானம்னு போட்டிருந்தாங்க. அன்னைக்குக் கப்பல் போகல. அந்தம்மா ஜெட்டியில, அதான் கப்பல் துறையில, பெட்டி மேல உக்காந்து அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. அதனால விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேர் திரும்பி, ஒரு ராத்திரி அங்க தங்கிடுங்க. தீவு முதல்லன்னு சொன்னதும் இதுக்குத்தான், கப்பல் ஒரு நாள் தள்ளிப் போனாலும் சென்னை நாள்ல சரிக்கட்டிடலாம். அஞ்சு தீவு போட்டீங்கன்னா இந்த ஒரு நாளுக்கு இடமே இருக்காது. நீங்க பாக்கறது ஜெட்டியும் வரிசையுமாத்தான் இருக்கும்.

இங்கிருந்து போறப்ப சென்னையில இறங்கி மாறிப் போகலாம். கோலாலம்பூர்லேர்ந்து சென்னை நாலு மணி நேரம், அங்கிருந்து போர்ட் பிளேர் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. சென்னையிலேர்ந்து பயணிகள் கப்பலும் இருக்கு. ஆனா மூணு நாள் கிட்ட ஆகும், நினைச்ச தேதிக்குக் கிடைக்காது, ரெண்டு வார லீவுல அது வேணாம். போர்ட் பிளேர் பேரை 2024-ல ஸ்ரீ விஜய புரம்னு மாத்திட்டாங்க, ஹேவ்லாக் 2018-லேர்ந்து ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. டிக்கெட்ல எந்தப் பேர் இருந்தாலும் குழம்பாதீங்க. நம்ம கடப்பிதழுக்கு இந்திய விசா வேணும். இ-விசா எடுக்கறப்ப இந்திய அரசாங்கத்தோட தளம்தானான்னு பாத்துக்குங்க, அதே மாதிரி தோற்றத்துல கூடுதல் காசு புடுங்கற தளங்கள் நிறைய இருக்கு. நிக்கோபார் பக்கம் வெளிநாட்டுப் பயணிங்க போக முடியாது. பழங்குடி மக்கள் வாழற காட்டுப் பகுதியில போட்டோ எடுக்கறது குற்றம். சட்டத்துக்காக மட்டும் இல்ல, அவங்க நிம்மதிக்காகவும் அதை மதிச்சு நடங்க.

ஒண்ணு முக்கியம். அங்க பொழுது சீக்கிரம் சாயும். தீவு ரொம்பக் கிழக்க இருக்கு, கடிகாரம் மட்டும் இந்தியா முழுக்க ஒண்ணு. பிப்ரவரியில சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் சூரியன் இறங்கிடும். நம்ம ஊர்ல ஏழரை வரைக்கும் வெளிச்சம் பாத்துப் பழகின கண்ணு நமக்கு. ஹேவ்லாக்ல ராதாநகர் கடற்கரையில சூரியன் இறங்கறதைப் பாக்கத்தான் எல்லாரும் போறாங்க, பாக்கவும் வேணும். ஆனா ஜெட்டிப் பக்கத்துலேர்ந்து அது பத்துக் கிலோமீட்டருக்கு மேல, வழியெல்லாம் மரம். திரும்ப வர ஆட்டோவை முன்னாடியே பேசி நிக்க வச்சுக்குங்க. அங்க ரெண்டு பேரும் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கறதா இருந்தா, அனைத்துலக லைசென் இங்கயே எடுத்துட்டுப் போங்க. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கற இடத்துல, யார் குளிச்சாலும் நீங்க இறங்காதீங்க.

நீல் தீவுக்கு ரெண்டு ராத்திரி குடுங்க. நிறைய பேர் காலையில வந்து சாயங்காலம் போயிடறாங்க, எனக்கு அது மனசுக்கு ஆகறதில்ல. சின்னத் தீவு, சைக்கிள்லயே சுத்தலாம். காய்கறி வெளையற ஊரு, உங்க தோழி சைவமா இருந்தாலும் சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்ல. லக்ஷ்மண்பூர் பக்கம் கடல் அரிச்சு உண்டான ஒரு பாறைப் பாலம் இருக்கு. தண்ணி வத்தற நேரத்துக்குத்தான் போகணும், தங்கற இடத்துல கேட்டா நேரம் சொல்வாங்க. தண்ணி வத்தினதும் பாறைக் குழிகள்ல முழங்கால் அளவுக்குத் தெளிஞ்ச தண்ணி நிக்கும். நீங்க அவசரப்படாம ஒரே குழி பக்கத்துல குந்திப் பாருங்க. முதல்ல ஒண்ணுமே தெரியாது. கொஞ்ச நேரத்துல கல்லுன்னு நினைச்சது கடல் அட்டையா இருக்கும், கருப்பா, மெதுவா நகரும். விரல் நீளத்துக்கு நீல மீன் ஒண்ணு பொந்துலேர்ந்து எட்டிப் பாத்துட்டு உள்ள போயிடும். கால் வைக்கறதை மட்டும் பாத்து வைங்க, பவளம் உயிருள்ளது. சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில போடாதீங்க, விமான நிலையத்துல சோதிச்சு எடுத்துடுவாங்க.

அப்புறம் போர்ட் பிளேர்ல செல்லுலார் ஜெயில். நம்ம ரப்பர் தோட்டத்துப் பிள்ளைங்க கட்டாயம் பாக்கணும்னு சொல்வேன். 1906-ல கட்டி முடிச்சது, ஏழு சிறகு இருந்துச்சு, இப்ப மூணுதான் மிச்சம். ஒவ்வொரு அறையும் அடுத்த சிறகோட முதுகைப் பாத்து இருக்கும், கைதி இன்னொரு கைதியோட முகத்தைப் பாத்துடக் கூடாதுன்னு. 1942-ல ஜப்பான்காரன் அந்தத் தீவைப் பிடிச்சான், அதே ஜெயில்ல ஊர் மக்களை அடைச்சுச் சித்ரவதை செஞ்சான். இங்க அதே காலத்துல நம்ம பாட்டன்மாரைத் தோட்டத்துலேர்ந்து சயாம் ரயில் பாதைக்கு இழுத்துட்டுப் போனாங்க. 1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி போர்ட் பிளேர்ல கொடி ஏத்தினார். அதே வருஷம்தான் அவரோட ராணுவத்துல பெண்களுக்கான ஜான்சி ராணிப் படை தொடங்கினது, அதுல சேர்ந்தவங்கள்ல ரொம்பப் பேர் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பொண்ணுங்க, பால் மரம் வெட்டின கையில துப்பாக்கி பிடிச்சவங்க. உங்க வயசுதான் அவங்களுக்கும். இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்த வராந்தாவுல நடந்தீங்கன்னா அந்த இடம் வேற மாதிரி பேசும். போர்ட் பிளேர்ல தமிழர் நிறைய, தமிழ்லயே வழி கேட்கலாம். ஹேவ்லாக், நீல் ரெண்டுலயும் வங்காளத்துலேர்ந்து குடியேறினவங்கதான் அதிகம், அங்க ஹிந்தியும் ஆங்கிலமும்.

தோழியோட போறதைப் பத்தி நீங்க கேட்கல, ஆனாலும் சொல்றேன். தினமும் வேலையில பாத்துக்கறது வேற, ரெண்டு வாரம் ஒரே அறையில இருக்கறது வேற. கிளம்பறதுக்கு முன்னாடியே காசைப் பேசிடுங்க. ரெண்டு பேரும் ஒரே தொகை போட்டு ஒரு பொதுப் பை வைங்க. அறை, ஆட்டோ, கப்பல் எல்லாம் அதுலேர்ந்து. சாப்பாடும் சாமானும் அவங்கவங்க காசு. தீவுல ஏடிஎம் கம்மி, அதனால ரூபாயாவே கையில இருக்கணும், ரெண்டு பேர் பையிலயும் பிரிச்சு வைங்க. அப்புறம் நடுவுல அரை நாள் தனித்தனியா இருங்க. ஒருத்தி தூங்கட்டும், ஒருத்தி கடலுக்குப் போகட்டும். அதைக் கோவம் வந்ததுக்கப்புறம் சொன்னா தப்பா எடுத்துப்பாங்க, முன்னாடியே சொல்லிட்டா யாருக்கும் வருத்தம் இல்ல.

இப்ப சென்னை. மெரினாவுல காலை நனைக்கலாம், குளிக்க இறங்காதீங்க. கரையிலேர்ந்து சட்டுனு ஆழம், உள்ள இழுக்கும், வருஷா வருஷம் உயிர் போகுது. திருவல்லிக்கேணியில மேன்ஷன்னு மலிவான அறைங்க இருக்கும், அது தனியாத் தங்கற ஆம்பளைங்களுக்கானது, உங்களுக்குச் சரிவராது. பெசன்ட் நகர், அடையாறு, மயிலாப்பூர்னு பாருங்க. சாதாரணக் கட்டண பஸ்ல 2021-லேர்ந்து பெண்களுக்குக் காசு இல்ல. ஆட்டோவுக்கு ஆப்லயே போடுங்க. நம்ம பேச்சைக் கேட்டதுமே வெளியூர்னு கண்டுபிடிச்சுடுவாங்க.

சென்னையைக் கடைசியில வைக்கச் சொன்னதுக்கு இன்னொரு காரணம், ஆமை. ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைங்க ராத்திரியில அந்தக் கரைக்கு முட்டை போட வரும். மாணவர்கள் நடத்தற ஒரு அமைப்பு 1988-லேர்ந்து நீலாங்கரையிலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி நடந்து, முட்டைங்களை எடுத்துப் பாதுகாப்பான இடத்துல புதைச்சு வைக்கறாங்க. வாரக் கடைசியில பொதுமக்களையும் கூட்டிட்டுப் போவாங்க. மணல்ல ரெண்டு பக்கமும் துடுப்புப் போட்ட மாதிரி தடம் ஏறிப் போகும், அதைப் பின்தொடர்ந்து ஒருத்தர் குச்சியால மண்ணை மெதுவாக் குத்திப் பார்ப்பார். மண்ணு இளகினா அங்க கூடு. கையை உள்ள விட்டா, நூறு முட்டை கிட்ட, ஓடு தோல் மாதிரி மெத்துனு இருக்கும். டார்ச் அடிக்கக் கூடாது, பளிச்சுனு போட்டோ எடுக்கக் கூடாது. ஆமை வர்றது நம்ம கையில இல்ல, வராத ராத்திரியும் உண்டு. விடிய விடிய நடக்கணும், அடுத்த நாள் விமானம் வச்சுக்காதீங்க.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அம்மா, பொண்ணுங்க தங்கற இடத்தோட பேர், போன் நம்பர், கப்பல் தேதி எல்லாம் ஒரு தாள்ல எழுதி வாங்கி வச்சுக்குங்க. கடலுக்கடியில கேபிள் 2020-ல போட்டதுக்கப்புறம் அங்க இணையம் பரவாயில்ல. ஆனா கப்பல்லயும் நீல் பக்கத்துலயும் அப்பப்ப லைன் கிடைக்காது. ராத்திரி எட்டு மணிக்குள்ள ஒரு மெசேஜ்னு பேசிக்குங்க. ஒரு நாள் அது வரலன்னா உடனே பதறாம, முதல்ல அந்தத் தாள்ல இருக்கற தங்கற இடத்து நம்பருக்கு அடிங்க, எடுப்பாங்க.