ஹைட்டி கட்டிய தவணை

(காரைக்காலில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வகுப்பு முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

ஜனவரி 1 காலையில் கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டி நாட்டு வீடுகளில் அடுப்பின்மேல் பரங்கிக்காய் சூப் கொதித்துக்கொண்டிருக்கும். 'சூப் ஜூமூ' என்பார்கள். அடிமைக் காலத்தில் இதைச் சமைத்தவர்கள் கறுப்பின மக்கள். குடித்தவர்கள் பண்ணை முதலாளிகள். சமைத்தவர் வாயில் ஒரு கரண்டி படக்கூடாது. 1804 ஜனவரி 1 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டதும் எல்லோரும் அந்த சூப்பைக் குடித்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து அவர்களுக்குப் புத்தாண்டும் விடுதலை நாளும் ஒன்றுதான்.

விடுதலைக்கு முன் அந்த நாட்டின் பெயர் சான் தொமிங். பிரான்சின் குடியேற்றங்களிலேயே பணம் கொழித்த இடம். ஏறக்குறைய 5 லட்சம் அடிமைகள், சுமார் 30 ஆயிரம் வெள்ளையர். ஐரோப்பா காப்பியில் போட்டுக் கலக்கிய சர்க்கரையில் பெரும்பங்கு அங்கிருந்து போனது.

அந்தச் சர்க்கரை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வெட்டிய கரும்பை வைத்திருந்தால் சாறு புளித்துவிடும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலை இரவிலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் உருளைகளுக்கு நடுவே கரும்பைத் திணிக்கிறாள். விரல் மாட்டினால் கையோடு ஆளையும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஆலைப் பக்கத்திலேயே ஒரு வெட்டரிவாளைத் தயாராக வைத்திருப்பார்கள், அவள் கையை வெட்டி ஆளை மீட்பதற்கு. ஆலையை நிறுத்துவதைவிடக் கையை வெட்டுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. இறப்பவர்கள் பிறப்பவர்களைவிட அதிகம். குறைந்த எண்ணிக்கையை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து நிரப்பினார்கள்.

1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் தீப்பற்றின. அந்தக் கிளர்ச்சியிலிருந்து எழுந்து வந்தவர் துசேன் லூவெர்த்யூர். அடிமையாகப் பிறந்து, ஒரு பண்ணையில் குதிரைவண்டி ஓட்டியவர். அவர் கட்டிய படை ஸ்பானியரையும் பிரிட்டிஷாரையும் தீவைவிட்டு விரட்டியது. பாரிசில் புரட்சி அரசு 1794-இல் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தைத் தங்கள் நெருப்பால் எழுத வைத்தவர்கள் சான் தொமிங்கின் அடிமைகளே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு பிரான்சில் நெப்போலியன் ஆட்சிக்கு வந்தார். 1801 இறுதியில் தன் மைத்துனர் லெக்லெர்க் தலைமையில் பெரும்படையை அனுப்பினார். பேச்சுவார்த்தை என்று அழைத்துத் துசேனைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். கரீபியன் வெயிலில் வளர்ந்த மனிதரை பிரான்சின் ஜூரா மலைப் பனிக்குளிரில், ஜூ கோட்டைச் சிறையில் போட்டார்கள். 1803 ஏப்ரல் 7 அன்று அங்கேயே உயிர் பிரிந்தது. கப்பலில் ஏறும்போது அவர் சொன்னதாக ஒரு வாக்கு நிலைத்துவிட்டது: என்னை வீழ்த்தி விடுதலை மரத்தின் அடிமரத்தைத்தான் வெட்டினீர்கள், அது வேரிலிருந்து மறுபடி தழைக்கும், வேர்கள் ஆழமானவை, நிறைய உண்டு.

துசேனைப் பிடித்தபோது அவருடைய தளபதி தெசலீன் எங்கே இருந்தார் தெரியுமா? பிரெஞ்சுப் படையில். துசேனின் தளபதிகள் பலர் லெக்லெர்க்கிடம் பணிந்திருந்தார்கள். அவர்களைத் திரும்ப வைத்தது பக்கத்துத் தீவான குவாதலூப்பிலிருந்து வந்த செய்தி. விடுதலை பெற்ற மக்களை அங்கே மறுபடி அடிமைகளாக்கிக்கொண்டிருந்தார்கள். நாளை நமக்கும் இதுதான் என்று தெரிந்தது. 1803 மே மாதம் தெசலீன் பிரெஞ்சு மூவண்ணக் கொடியை எடுத்து நடுவில் இருந்த வெள்ளையைக் கிழித்து எறிந்தார் என்பார்கள். மிஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கத்தரின் ஃபுலோன் என்ற பெண் சேர்த்துத் தைத்தாராம்.

1803 நவம்பர் 18, வெர்த்தியேர் போர். பீரங்கிகள் இருந்த மேட்டை நோக்கிக் கப்புவா என்ற தளபதி குதிரையில் பாய்கிறார். குதிரை சுடப்பட்டு விழுகிறது. எழுந்து வாளை உயர்த்தி "முன்னேறு!" என்று கத்தியபடி காலால் ஓடுகிறார். எதிர்ப்பக்கத்துப் பிரெஞ்சுத் தளபதி ரொஷாம்போ சண்டையை நிறுத்தச் சொல்லி, அந்த வீரத்துக்குப் பாராட்டுச் சொல்ல ஆள் அனுப்பினார் என்று சொல்வார்கள். சில நாளில் ரொஷாம்போவே தீவைக் காலி செய்துவிட்டுப் போனார். மஞ்சள் காய்ச்சலும் பிரெஞ்சுப் படையைப் பாதிக்கு மேல் தின்றிருந்தது. லெக்லெர்க்கே அதில்தான் இறந்தார்.

மலைநாடு என்று பொருள்படும் பழங்குடிப் பெயரான 'ஹைட்டி'யை நாட்டுக்கு வைத்தார்கள். அடுத்த சில மாதங்களில் எஞ்சியிருந்த பிரெஞ்சுக்காரர்களைக் கொல்ல தெசலீன் ஆணையிட்டதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். பெண்களும் குழந்தைகளும்கூட மாண்டார்கள். பெரும் கொடுமைக்குப் பிறகு வந்த கொடுமை அது. ஆனாலும் கொடுமைதான்.

இனி நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். 1825 ஜூலையில் 14 பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஹைட்டிக்கு வந்தன. மன்னர் பத்தாம் சார்லஸின் ஆணை ஒன்று கூடவே வந்தது. உங்கள் விடுதலையை ஏற்கிறோம், அதற்கு 15 கோடி பிராங்க் கட்டுங்கள், ஐந்து தவணை. யாருக்காம்? சொத்தை இழந்த பண்ணை முதலாளிகளுக்கு. அந்தச் சொத்துக் கணக்கில் நிலம் இருந்தது, ஆலை இருந்தது, மனிதர்களும் இருந்தார்கள். கை வெட்டுண்டாளே, அவளுக்கும் ஒரு விலை போட்டு அவள் பிள்ளைகளிடம் வசூல் கேட்டார்கள். ஒப்பிட்டுப் பாருங்கள்: 1803-இல் லூசியானா என்ற மாபெரும் நிலப்பரப்பு முழுவதையும் நெப்போலியன் அமெரிக்காவுக்கு விற்றது 8 கோடி பிராங்குக்கு!

ஹைட்டியின் குடியரசுத் தலைவர் புவாயே ஒப்புக்கொண்டார். கரையில் பீரங்கி நிற்கிறது, கஜானாவில் முதல் தவணைக்கே பணம் இல்லை. அதற்கும் பிரான்சிலேயே கடன் வாங்க வைத்தார்கள். 3 கோடி கடன். கழிவு போகக் கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். நம் ஊர்க் கந்துவட்டிக்காரர் முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பாரே, அதே கணக்கு. 1838-இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட மலைச்சரிவில் காப்பி பறித்த குடியானவரின் மூட்டைக்கு ஏற்றுமதி வரி போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் போக வேண்டிய காசு கப்பலேறியது.

இந்த ஊரில் நின்று இதைப் பேச ஒரு காரணம் உண்டு. ஹைட்டி கைவிட்டுப் போனபின் கரீபியனில் பிரான்சிடம் மிஞ்சிய கரும்புத் தீவுகள் மார்த்தினிக்கும் குவாதலூப்பும். 1848-இல் அங்கே அடிமைமுறை ஒழிந்ததும் கூலிக்கு ஆள் தேடினார்கள். 1850-களில் புதுச்சேரியிலிருந்தும் இந்தக் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போயின. அந்த ஆலைகளின் வாசலில் நம்மவர்களும் நின்றிருக்கிறார்கள்.

அந்தத் தண்டத்தொகைக்காக வாங்கிய கடன்களின் சங்கிலி முழுதாக அடைந்தது 1947-இல். நாம் விடுதலை பெற்ற அதே ஆண்டில், தங்கள் விடுதலைக்கான கடைசிக் காசை அவர்கள் கட்டி முடித்தார்கள். 2003-இல் ஹைட்டி அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. பத்தாம் சார்லஸ் கையெழுத்திட்ட அந்த ஆணைக்கு 200 ஆண்டு நிறைந்த 2025 ஏப்ரல் 17 அன்று, இரு நாட்டு வரலாற்றாசிரியர்களும் சேர்ந்து ஆராயக் குழு அமைப்பதாக பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.